எலானோ இல்லாத 22 நிமிடங்கள்

2010 ஜூலை 2, தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத். உலகக் கோப்பைக் காலிறுதி. ரொபின்யோ அடித்த கோலால் முதல் பாதியில் முன்னிலையில் இருந்த பிரேசில், இரண்டாம் பாதியில் நெதர்லாந்திடம் இரண்டு கோல் வாங்கிவிட்டது. இரண்டாவது கோல் 68ஆவது நிமிடத்தில் ஒரு கார்னரில் வந்தது. களத்தில் இருந்தவர்களிலேயே குட்டையானவர்களில் ஒருவரான வெஸ்லி ஸ்னைடர் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். சில நிமிடங்களில் ஃபெலிப்பெ மெலோ சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். அந்த இரண்டாவது கோலுக்குப் பிறகு மீதி இருந்தது 22 நிமிடங்களும், நின்றுபோன நேரத்துக்காக ரெஃப்ரி சேர்க்கும் சில நிமிடங்களும்.

ஒரு கோல் போதும், ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய்விடும். ஆனால் பிரேசில் அணிக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. பயிற்சியாளர் துங்கா அனுமதிக்கப்பட்ட மூன்று மாற்றுகளில் இரண்டைத்தான் பயன்படுத்தினார். மூன்றாவதாக இறக்குவதற்கு அவர் நம்பும் ஆள் பெஞ்சில் இல்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். ரமீரெஸ் இரண்டு மஞ்சள் அட்டையால் அந்த ஆட்டத்தில் ஆட முடியாதவர். வலது பக்க மிட்ஃபீல்டர் எலானோ காயத்தில்.

இந்தத் தோல்வியைக் காகாவை வைத்தும் மெலோவை வைத்தும் துங்காவின் பிடிவாதத்தை வைத்தும் எழுதியவர்கள் நிறைய. நான் எலானோவை வைத்துப் பார்க்கிறேன். அவர் இருந்திருந்தால் பிரேசில் ஜெயித்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. நெதர்லாந்தின் இரண்டு கோலுமே அவர் ஆடும் வலது பக்கத்திலிருந்து வந்தவை அல்ல. ஆனால் பின்தங்கி நிற்கும்போது ஒரு அணிக்கு என்ன தேவை, அதை யார் கொடுப்பார்கள் என்ற கேள்விக்கு அவருடைய மொத்த வாழ்க்கையும் ஒரு பதில். பின்னாளில் அவர் சென்னைக்கு வந்து ஆடியதால், சென்னை ரசிகர்களான நமக்கு அந்தப் பதிலைப் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பும் கிடைத்தது.

சாண்டோஸ்: மூன்றாவது பெயர்

எலானோ ரால்ஃப் ப்ளூமர் 1981 ஜூன் 14 அன்று சாவ் பாவ்லோ மாநிலத்தின் இரசெமாபொலிஸில் பிறந்தார். கரும்பு வயல்கள் சூழ்ந்த சின்ன ஊர். பக்கத்தில் இருக்கும் பெரிய ஊர் லிமெய்ரா. அங்கே உள்ள இன்டர் தெ லிமெய்ரா, கம்பினாஸில் உள்ள குவரானி ஆகிய க்ளப்களில் இளவயதில் ஆடிவிட்டு, 2001இல் சாண்டோஸுக்கு வந்தார்.

அப்போதைய சாண்டோஸ் நிலைமையைச் சொல்லவேண்டும். பெலே ஆடிய க்ளப். ஆனால் 1984இல் மாநிலப் பட்டம் வென்ற பிறகு 18 வருடங்களாகப் பெரிய கோப்பை எதுவும் இல்லை. பணமும் இல்லை. பயிற்சியாளர் எமர்சன் லெயாவ் வேறு வழியில்லாமல் பையன்களை இறக்கினார். 17 வயது தியேகோ, 18 வயது ரொபின்யோ. இவர்களுக்குப் பக்கத்தில் 21 வயது எலானோ. முதல் இரண்டு பெயர்களை உலகமே சொன்னது. மூன்றாவது பெயர் எப்போதும் மூன்றாவதாகவே வந்தது.

2002 பிரேசில் லீக்கில் முதல் கட்டத்தில் எட்டாவது இடம் பிடித்து, கடைசி ஆளாக நாக்கவுட்டுக்குள் நுழைந்தது சாண்டோஸ். முதலிடம் பிடித்திருந்த சாவ் பாவ்லோவை வீழ்த்தியது, கிரேமியோவை வீழ்த்தியது, இறுதியில் கொரிந்தியன்ஸைச் சந்தித்தது. இறுதிக்கு இரண்டு ஆட்டம். முதல் ஆட்டத்தில் சாண்டோஸுக்கு 2-0 வெற்றி. இரண்டாவது ஆட்டம் டிசம்பர் 15, மொரும்பி மைதானம். தியேகோ ஆரம்பத்திலேயே காயமடைந்து வெளியேறினார். ரொபின்யோ பந்தின் மேல் காலைச் சுற்றிச் சுற்றிப் போட்டு எதிரணி டிஃபெண்டரைத் திணறடித்துப் பெனால்டி வாங்கிய காட்சி இந்த ஆட்டத்தில்தான். அதைப் பார்க்காத கால்பந்து ரசிகர் குறைவு. அந்தப் பெனால்டியையும் அவரே கோலாக்கினார்.

ஆனால் அதோடு ஆட்டம் முடியவில்லை. 75ஆவது நிமிடத்தில் தெய்வித் சமன் செய்தார். 84ஆவது நிமிடத்தில் ஆண்டர்சன் அடித்து கொரிந்தியன்ஸை 2-1 என முன்னிலைக்குக் கொண்டுபோனார். இன்னொரு கோல் விழுந்தால் மொத்தக் கணக்கு சமமாகிவிடும். அரங்கம் முழுக்கக் கொரிந்தியன்ஸ் ரசிகர்களின் சத்தம். 88ஆவது நிமிடத்தில் ரொபின்யோ கொடுத்த பந்தை எலானோ உள்ளே தள்ளினார். 2-2. அப்புறம் கடைசி நிமிடத்தில் லெயோ ஒன்று, 3-2. சாண்டோஸ் சாம்பியன். நினைவில் நின்றது ரொபின்யோவின் கால் சுற்றல்தான். கொரிந்தியன்ஸின் மூச்சை நிறுத்திய கோல் எலானோவுடையது.

தென் அமெரிக்க க்ளப்களுக்கான பெரிய கோப்பையான கோபா லிபர்டடோரெஸின் 2003 இறுதியில் போகா ஜூனியர்ஸிடம் தோற்றார்கள். 2004இல் மறுபடியும் லீக் பட்டம். அதோடு எலானோ கிளம்பினார்.

டொனெட்ஸ்க், லண்டன், மான்செஸ்டர்

2005 ஜனவரியில் உக்ரைனின் ஷாக்தார் டொனெட்ஸ்க். ருமேனியரான மிர்சியா லூச்செஸ்கு பயிற்சியாளர். பிரேசில் இளைஞர்களை வரிசையாக வாங்கிக் கிழக்கு ஐரோப்பாவில் ஒரு புது அணியைக் கட்டிக்கொண்டிருந்தார். மத்துஸலெம், ஜாட்சன், ஃபெர்னாண்டின்யோ போன்றவர்களின் நடுவே எலானோவும் ஒருவர். இரண்டு லீக் பட்டம் வந்தது. ஆனால் பிரேசிலில் இருக்கும் ரசிகர் டொனெட்ஸ்க் ஆட்டத்தைத் தேடிப் பார்ப்பாரா?

பார்க்க வைத்த நாள் 2006 செப்டம்பர் 3. உலகக் கோப்பையில் பிரான்ஸிடம் தோற்று வந்திருந்த பிரேசிலுக்குத் துங்கா புதுப் பயிற்சியாளர். லண்டன் எமிரேட்ஸ் மைதானத்தில் அர்ஜென்டினாவுடன் நட்பு ஆட்டம். 3-0 வெற்றி. காகா பாதிக் களத்துக்கும் அதிகமாகத் தனியாக ஓடி அடித்த கடைசி கோலைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். முதல் இரண்டு கோலும் எலானோ அடித்தவை. துங்காவின் மனதில் அவருக்கு ஓர் இடம் அன்றைக்கு உறுதியானது.

2007 ஆகஸ்டில் மான்செஸ்டர் சிட்டி. அபுதாபி பணம் வருவதற்கு முந்தைய சிட்டி அது. பயிற்சியாளர் ஸ்வென்-யோரான் எரிக்ஸன், ஏறக்குறைய 80 லட்சம் பவுண்டுக்கு எலானோவை வாங்கினார். அந்தப் பருவத்தின் முதல் பாதி அவர் ஐரோப்பாவில் ஆடிய மிகச் சிறந்த கால்பந்து என்பது என் கருத்து. செப்டம்பர் இறுதியில் நியூகாசிலுக்கு எதிராக ஒரு ஃப்ரீகிக், மேல் மூலைக்குள் போய்ச் சொருகியது. கோல்கீப்பருக்குச் செய்ய ஒன்றுமில்லை.

பிறகு சிட்டி சரிந்தது. பருவத்தின் கடைசி ஆட்டத்தில் மிடில்ஸ்பரோவிடம் 8-1 என்ற தோல்வி. அந்த ஒரு கோலை அடித்தவர் எலானோ. எரிக்ஸன் போனார், மார்க் ஹியூஸ் வந்தார். 2008 செப்டம்பர் 1 அன்று புது முதலாளிகள் வந்தார்கள், அதே நாளில் 3 கோடியே 25 லட்சம் பவுண்டுக்கு ரொபின்யோவும் வந்தார். பழைய சாண்டோஸ் நண்பர்கள் மறுபடி ஒரே அணியில். ஆனால் எலானோவின் இடம் சுருங்கிக்கொண்டே போனது. 2009இல் துருக்கியின் கலதசராய்க்கு மாறினார்.

துங்காவின் வலது பக்கம்

இந்த ஆய்வின் மையம் இங்கேதான். துங்காவின் பிரேசில் எப்படி ஆடியது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

முன்னால் லூயிஸ் ஃபாபியானோ. இடது பக்கத்திலிருந்து உள்ளே வரும் ரொபின்யோ. நடுவில் காகா. பின்னால் காவலுக்கு ஜில்பெர்த்தோ சில்வாவும் மெலோவும். அணியின் இடது பக்கம் ஏற்கெனவே ரொபின்யோவால் கனத்துக் கிடந்தது. வலது பக்கத்தில் தனி விங்கர் கிடையாது. அந்த ஓரம் முழுக்க டிஃபெண்டர் மைகோனுக்கு. ரயில் மாதிரி ஏறி இறங்குவார். அவர் ஏறும்போது உள்பக்கம் ஒதுங்கி வழிவிட வேண்டும். சரியான நேரத்தில் பந்தை அவர் முன்னால் வைக்க வேண்டும். அவர் திரும்பி வர நேரமானால் அந்த ஓட்டையை அடைக்க வேண்டும். போதாததற்கு ஃப்ரீகிக்கும் கார்னரும் எடுக்க வேண்டும். இத்தனையும் எலானோவின் வேலை.

2010 ஜூன் 15, ஜோஹன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க், வடகொரியா. முதல் பாதி முழுக்கப் பிரேசில் மோதி மோதிக் களைத்தது. 55ஆவது நிமிடத்தில் எலானோ பந்தை வலது ஓரத்துக்குத் தள்ளினார், மைகோன் ஓடிவந்து கோல்கீப்பருக்கும் கம்பத்துக்கும் நடுவே இருந்த சந்தில் அடித்தார். அந்தக் கோணம் நம்ப முடியாதது, எல்லோரும் மைகோனைக் கொண்டாடினார்கள். அந்தப் பந்து ஓரடி முன்னாலோ பின்னாலோ விழுந்திருந்தால் மைகோன் நின்று திரும்ப வேண்டியிருக்கும். இரண்டாவது கோல் ரொபின்யோவின் பாஸில் எலானோவே அடித்தது. 2-1.

ஐந்து நாள் கழித்து ஐவரி கோஸ்ட். காகா இடதிலிருந்து கொடுத்ததை எலானோ முடித்தார், 3-0. இரண்டு ஆட்டம், இரண்டு கோல். சில நிமிடங்களில் செய்க் தியோத்தே போட்ட டாக்கிளில் அவருடைய காலில் பலமான அடி. ஸ்ட்ரெச்சரில் வெளியே போனார். அவருக்குப் பதிலாக டானி ஆல்வெஸ். எலானோவின் உலகக் கோப்பை அதோடு முடிந்தது.

இதைப் பார்த்தபோது எனக்கு தென் அமெரிக்க நாடுகளின் கோப்பையான கோபா அமெரிக்காவின் 2007 இறுதி ஞாபகம் வந்தது. வெனிசுவேலாவின் மரகைபோவில் அர்ஜென்டினாவுக்கு எதிராகத் தொடக்கத்திலிருந்து ஆடிய எலானோ, 34ஆவது நிமிடத்தில் காயத்தால் வெளியேறினார். அன்றும் உள்ளே வந்தவர் டானி ஆல்வெஸ்தான். அவர் அனுப்பிய கிராஸை அயாலா தன் வலைக்குள்ளேயே தள்ளிவிட்டார். மூன்றாவது கோலை ஆல்வெஸே அடித்தார். 3-0. அதனால் எலானோ போனாலும் ஆல்வெஸ் இருக்கிறார் என்று துங்காவுக்குத் தோன்றியிருந்தால் அதில் தப்பில்லை.

தப்பு எங்கே என்றால், இரண்டு பேரும் ஒரே வேலையைச் செய்பவர்கள் அல்ல. ஆல்வெஸ் ஓடித் திறப்பவர். எலானோ நின்று வைப்பவர். அர்ஜென்டினா முன்னேறி வந்து இடம் விட்டபோது ஆல்வெஸின் ஓட்டம் அறுவடை செய்தது. நெதர்லாந்து முன்னிலை பெற்றதும் பின்வாங்கிக் கதவைச் சாத்திக்கொண்டது. ஓடுவதற்கு இடமில்லை. அப்போது வேண்டியது கூட்டத்துக்கு நடுவே பந்தைத் தலைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் கால்.

இதற்கு ஆதாரம் ஒரு வருடம் முன்னால் அதே தென்னாப்பிரிக்காவில் கிடைத்தது. 2009 ஜூன் 28, கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை இறுதி. அமெரிக்காவிடம் பிரேசில் இடைவேளையில் 0-2. லூயிஸ் ஃபாபியானோ இடைவேளை முடிந்த உடனே ஒன்று அடித்தார். இரண்டாம் பாதி நடுவில் துங்கா ஆல்வெஸையும் எலானோவையும் இரண்டு பேரையுமே இறக்கினார். ஃபாபியானோ சமன் செய்தார். 84ஆவது நிமிடத்தில் எலானோவின் கார்னர், கேப்டன் லூசியோ எழும்பி முட்டினார், 3-2. லூசியோ கண்ணீரோடு ஓடிய ஓட்டம் இன்னும் கண்ணில் இருக்கிறது.

போர்ட் எலிசபெத்திலும் லூசியோ இருந்தார், ஹுவான் இருந்தார். காற்றில் ஜெயிக்கக்கூடிய தலைகளுக்குக் குறைவில்லை. பந்தை அனுப்பும் ஆள்தான் வெளியே இருந்தார். 23 பேர் கொண்ட பட்டியலைத் தேர்ந்தெடுக்கும்போதே சாண்டோஸின் இளம் மிட்ஃபீல்டர் கன்சோவை விட்டுவிட்டு, எலானோ மாதிரி இன்னொருவரை எடுக்காமல் போனதுதான் துங்காவின் பிழை என்பேன். ஒரே ஒரு முளையில் கட்டிய கூடாரம்.

பத்து நாளில் இரண்டு பெனால்டி

2010 கடைசியில் சாண்டோஸுக்குத் திரும்பினார். இம்முறை அங்கே இருந்தவர்கள் நெய்மாரும் கன்சோவும். மறுபடியும் மூன்றாவது பெயர். ஆனால் சாவ் பாவ்லோ மாநிலத் தொடரான பாவ்லிஸ்டாவில் 2011இல் 11 கோலுடன் லீட்சனோடு முதலிடத்தைப் பகிர்ந்தார், சாண்டோஸ் பட்டம் வென்றது. ஜூன் 22 அன்று பெஞாரோலை வென்று 1963க்குப் பிறகு முதல் கோபா லிபர்டடோரெஸ்.

அந்த உச்சத்திலிருந்து ஒரே மாதத்தில் விழுந்தார். ஜூலை 17, அர்ஜென்டினாவின் லா பிளாட்டா, கோபா அமெரிக்கா காலிறுதி, பராகுவே. கோல் இல்லாமல் பெனால்டி ஷூட்அவுட். பிரேசிலுக்கு முதல் உதை எலானோ. பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. அவருக்குப் பின் வந்த தியாகோ சில்வா, ஆந்த்ரே சாண்டோஸ், ஃபிரெட் மூவருமே தவறவிட்டார்கள். நான்கு உதை, ஒன்றுகூடப் போகவில்லை. பெனால்டிப் புள்ளியைச் சுற்றி மண் பெயர்ந்து கிடந்தது என்பது உண்மை. ஆனாலும் முதல் உதையை எடுத்தவரின் பெயர்தான் ஒட்டிக்கொள்ளும்.

சரியாகப் பத்து நாள் கழித்து ஜூலை 27, சாண்டோஸின் சொந்த மைதானம் வில்லா பெல்மிரோ, எதிரணி ஃபிளமெங்கோ. சாண்டோஸ் 3-0 என்று முன்னிலை எடுத்து, 3-2 ஆன நேரத்தில் சாண்டோஸுக்கு ஒரு பெனால்டி. எலானோ வந்தார். பலமாக அடிக்காமல், கோல்கீப்பர் சாய்வார் என்று நம்பி நடுவில் மெல்லத் தூக்கிவிட்டார். கோல்கீப்பர் ஃபெலிப்பெ நகரவே இல்லை. பந்தைப் பிடித்ததோடு விடாமல் காலில் இரண்டு தட்டு தட்டியும் காட்டினார். உடனே தெய்வித் சமன் செய்தார். 2002 இறுதியில் கொரிந்தியன்ஸுக்காக எலானோவின் அணிக்கு எதிராகக் கோலடித்த அதே தெய்வித். முடிவில் ரொனால்டின்யோ மூன்று கோல் அடித்து ஃபிளமெங்கோ 5-4 என்று ஜெயித்தது. நெய்மாருக்கு அந்த வருடத்தின் சிறந்த கோலுக்கான புஷ்காஷ் விருது வாங்கித் தந்த கோலும் இதே ஆட்டத்தில்தான்.

அந்த மெல்லிய உதையை ஆணவம் என்று அப்போது பலர் திட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பத்து நாள் முன்னால் வேகமாக அடித்து மேலே போனவர், இந்தத் தடவை வேகத்தையே எடுத்துவிட்டார். பயந்த மனிதர் செய்யும் காரியம் அது. வாழ்நாள் முழுக்க நின்ற பந்தை நம்பி வாழ்ந்தவருக்கு அதுவே கை கொடுக்காமல் போன பத்து நாட்கள்.

பிறகு கிரேமியோ, அங்கிருந்து 2014இல் ஃபிளமெங்கோ. காயங்கள் கூடின, ஆட்டங்கள் குறைந்தன.

நேரு ஸ்டேடியம்

2014இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கியபோது சென்னையின் எஃப்.சி.க்கு மார்க்கீ வீரராக, அதாவது அணியின் முகமான நட்சத்திரமாக, எலானோ வந்தார். ஆடிக்கொண்டே பயிற்சியளித்தவர் இத்தாலியின் மார்கோ மதராட்ஸி. 33 வயது எலானோ இங்கே எப்படி ஆடுவாரோ என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. வேகம் போய்விட்டது என்பது முதல் பார்வையிலேயே தெரிந்தது.

அக்டோபர் 15, சென்னையின் முதல் ஆட்டம், கோவாவில். முதல் பாதியிலேயே ஒரு ஃப்ரீகிக். சுவருக்கு மேலாகச் சுழன்று இறங்கியது. 2-1 வெற்றி. அடுத்த வாரம் பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் கேரளாவுடன் முதல் சொந்த மைதான ஆட்டம். நான் ஸ்டாண்டில் இருந்தேன். எலானோ ஒரு பெனால்டியை அமைதியாக உள்ளே வைத்தார், பெர்னார்ட் மெண்டி தலைகீழாகப் பறந்து அடித்த கோலில் ஆட்டம் 2-1. அரங்கமே மெண்டிக்காகக் கத்தியது. எனக்கு அந்தப் பெனால்டிதான் முக்கியமாகப் பட்டது, லா பிளாட்டாவைப் பார்த்திருந்ததால்.

அங்கே உட்கார்ந்து பார்த்தபோது டி.வி.யில் தெரியாத ஒன்று தெரிந்தது. பந்து வருவதற்கு முன்பே அவர் இரண்டு தடவை தலையைத் திருப்பிப் பார்ப்பார். பந்து வந்ததும் ஒரே தொடு, போய்விடும். ஓடவேண்டிய அவசியமே வராத மாதிரி நின்றுகொள்வார். பக்கத்தில் ஜெஜெ மாதிரி இளம் வீரர்கள் ஓட, அவர் அந்த ஓட்டத்துக்கு முன்னால் பந்தை வைத்தார். ஜோஹன்னஸ்பர்க்கில் மைகோனுக்குச் செய்த அதே வேலை, நம் கண்ணுக்கு முன்னால்.

வித்தியாசம் ஒன்றுதான். இங்கே முதல் பெயர் அவருடையது. போஸ்டரில் அவர், கோல் பட்டியலில் அவர். காயத்தால் எல்லா ஆட்டமும் ஆட முடியாமல் போயும் 8 கோலோடு, அதிக கோல் அடித்தவருக்கான முதல் ஐ.எஸ்.எல்.லின் தங்கக் காலணி அவருக்கே. லீக் கட்டத்தில் சென்னை முதலிடம். அரையிறுதியில் கொச்சியில் 0-3 தோற்று, சென்னையில் மூன்று கோலையும் திருப்பி அடித்து, கூடுதல் நேரத்தின் முடிவில் ஸ்டீஃபன் பியர்சன் கோலால் வெளியேறினோம். அந்த இரவு பெரியமேட்டிலிருந்து சென்ட்ரல் வரை யாரும் பேசாமல் நடந்தோம்.

2015இல் திரும்பி வந்தார். 4 கோல்தான். அந்த வருடம் ஜான் ஸ்டிவன் மெண்டோசா 13 கோல் அடித்தார், எலானோ மீண்டும் தனக்குப் பழகிய இடத்துக்கு, கொடுப்பவராக, போய்விட்டார். பட்டியலின் அடியில் கிடந்த அணி லீக்கின் கடைசி நான்கு ஆட்டங்களையும் ஜெயித்தது. டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்க, சொந்த மைதான அரையிறுதி புனேவுக்கு மாறியது. அங்கே கொல்கத்தாவை 3-0. டிசம்பர் 20, ஃபட்டோர்டா இறுதியில் 87ஆவது நிமிடத்தில் 1-2 என்று பின்தங்கி, 90ஆவது நிமிடத்தில் கோவா கோல்கீப்பரின் சொந்த கோலாலும், அடுத்து மெண்டோசாவாலும் 3-2. வெள்ளத் தண்ணீர் வடியாத வீடுகளில் அன்றைக்குச் சிரிப்பு கேட்டது.

அதே இரவில் களத்தில் நடந்த தள்ளுமுள்ளை ஒட்டி எதிரணித் தரப்பு கொடுத்த புகாரில் கோவா போலீஸ் எலானோவைக் கைது செய்தது, ஜாமீனில் வெளியே வந்தார். கோப்பையோடு ஊர் திரும்பவேண்டிய மனிதர் காவல் நிலையத்தில் இருந்தது எங்களுக்கு வேதனையாக இருந்தது. நம் மண்ணில் அவர் ஆடிய கடைசி தொடர் அது.

2016இல் சாண்டோஸில் ஆட்டத்தை முடித்துக்கொண்டார். பிரேசிலுக்காக 50 ஆட்டம், 9 கோல். அடுத்த வருடம் அதே க்ளப்பில் உதவிப் பயிற்சியாளர், கொஞ்ச காலம் தற்காலிகப் பயிற்சியாளர். அதன் பிறகு தனியாக ஓர் அணியைப் பொறுப்பெடுத்தபோது அது இன்டர் தெ லிமெய்ரா. இரசெமாபொலிஸுக்குப் பக்கத்து ஊர், சிறுவனாக அவர் ஆடிய க்ளப்.